தவளையும் பாம்பும் தேடி ஆனைமலைக்கு

ஆனைமலைக்குப் போய்வந்தேன் என்று யாரிடமாவது சொன்னால், அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "யானை பார்த்தீர்களா?" என்பதாகவே இருக்கும். அடுத்த கேள்வி புலியைப் பற்றியது. "இல்லை, நான் தவளை பார்க்கப் போயிருந்தேன்" என்று விடை சொன்னால், ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் உறவினர் ஒருவர் மட்டும் மனம் பொறாமல், "தவளை பார்க்க நாற்பது வளைவு ஏறவேண்டுமா? எங்கள் கொல்லைக் கிணற்றிலேயே வேண்டுமட்டும் இருக்கிறதே!" என்றார்.

மாணவ நேயர்களே, அவருக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கொல்லைக் கிணற்றுத் தவளை இந்தியாவெங்கும் வாழ்வது. எந்தச் சூட்டையும் தாங்கக்கூடியது. மலைத் தவளை அப்படிப்பட்டதன்று. தவளைக்குத் தோல் வெறும் போர்வை அல்ல. அது தோலாலும் மூச்சு விடுகிறது, தோலாலேயே நீரைப் பருகுகிறது. ஆகவே ஈரம் இல்லாத இடத்தில் அதற்கு வாழ்வில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்ந்த, வெப்பமான நிலம் அது. நமக்கு அது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். கட்டைவிரல் அளவுள்ள மலைத் தவளைக்கோ அது கடக்கவொண்ணாத கடல். இலட்சக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு பிரிந்து வாழ்ந்ததால், வடகரைத் தவளை ஓர் இனமாகவும் தென்கரைத் தவளை வேறோர் இனமாகவும் ஆகிவிட்டன. கணவாய் மட்டுமன்று, ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கு போதும். ஒரு மலையுச்சியில் உள்ள தவளை அடுத்த மலையுச்சியில் இராது. அதனால்தான் தவளை தேடுகிறவன் மலை மலையாக ஏறவேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஜூன் முதல் வாரத்தில், விலங்கியல் பயிலும் இரு மாணவர்களுடன் வால்பாறைக்குப் புறப்பட்டேன். ஆழியாற்றைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து மூச்சு வாங்கி ஏறும்போதே தென்மேற்குப் பருவமழை எங்களை எதிர்கொண்டது. வால்பாறை மேட்டுநிலம் பெரும்பாலும் தேயிலைத் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மழைக்காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டங்கள் அவை. நடுநடுவே, வெட்டாமல் விடப்பட்ட காட்டுத் துண்டுகள் தீவுகளைப்போல் நிற்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். காப்பகத்துக்குள் இரவில் நடக்க யாருக்கும் உரிமையில்லை. நாங்கள் உரிய அனுமதி பெற்று, தோட்டப் பாதைகளின் ஓரமாகவும் காட்டுத் துண்டுகளின் விளிம்பிலும்தான் தேடினோம்.

வழிகாட்டியாகக் காடர் இனத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் முதலில் கேட்டது விளக்கைப் பற்றியோ காமிராவைப் பற்றியோ அன்று. "சார், சிவப்பு விளக்கு எரியுதான்னு பார்த்தீங்களா?" என்றார். வால்பாறையில் யானைக் கூட்டம் அருகில் நின்றால் மக்களுக்கு அறிவிப்பதற்காக உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். அந்த விளக்கு எரிந்த இரண்டு இரவுகள் நாங்கள் அறையை விட்டு நகரவில்லை. யானை பார்க்கப் போகாதவனும் யானையை மறந்துவிடலாகாது.

எங்கள் ஆயுதங்கள் மிகச் சில. நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று. கையில் ஒரு டார்ச். அண்மைப்படம் எடுக்கும் லென்ஸ் பொருத்திய காமிரா. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. முழங்கால்வரை இழுத்துக் கட்டிய அட்டை உறை. அட்டைக்கு அஞ்சி உறையின்மேல் மூக்குப்பொடி தேய்த்துக்கொள்வது பலர் வழக்கம். தேய்த்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கையால் தவளையைத் தொட்டுவிட்டால் அந்தப் பொடி முழுவதும் அதன் தோல் வழியே உடலுக்குள் இறங்கிவிடும். கொசு மருந்துக்கும் இதே விதி. பூட்சுகளை மட்டும் ஒவ்வொரு முறையும் மண் போகக் கழுவிக் காயவைத்தோம். தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் ஒரு வகைப் பூஞ்சணம் உலகின் பல நாடுகளில் தவளை இனங்களையே அழித்திருப்பதை விஞ்ஞானிகள் 1990களின் இறுதியில் கண்டறிந்தார்கள். ஈரமண் ஒட்டிய பூட்சில் ஏறி அது ஓடைவிட்டு ஓடை போகக்கூடும்.

இருட்டியதும் காடு ஒலிக்கத் தொடங்கிவிடும். "டிக், டிக், டிக்" என்று ஒன்று. கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டுவதுபோல் மற்றொன்று. கதவு கிறீச்சிடுவதுபோல் வேறொன்று. முதல்நாள் இரவு மாணவர்கள் இருவரும் விளக்கை அங்குமிங்கும் வீசித் தேடினார்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் கண்டது நான்கு சிலந்திகளையும் உறங்கும் ஓர் ஓணானையும்தான். சிலந்தியின் கண்கள் விளக்கொளியில் பச்சைப் பொறிபோல் மின்னுவதால், ஒவ்வொரு முறையும், "சார், தவளை!" என்று கூவி ஏமாந்தார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, விளக்கை அணைச்சுட்டுக் காதால பாருங்க" என்றார்.

அந்தச் சொல்லில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. இம்மலைகளில் மிகுதியாக இருப்பவை புதர்த் தவளைகள். பல இனங்கள் பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. அந்தச் சிற்றுடல் எழுப்பும் ஒலியோ ஐம்பதடி தூரம் கேட்கும். இருவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று, விளக்கை அணைத்து, ஒலி வரும் திசையைக் கையால் சுட்டவேண்டும். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் விளக்கை ஏற்றினால், இரண்டு ஒளிக்கோடுகளும் சந்திக்கும் இலையில் தவளை இருக்கும். வடிவ கணிதத்தில் நீங்கள் படிக்கும் முக்கோணந்தான். ஆனால் ஒன்று: விளக்கைக் கண்டதும் அது வாயடைத்துவிடும். மறுபடி இருட்டாக்கிக் காத்திருக்கவேண்டும். ஒரு தவளைக்கு நாற்பது நிமிடம் நின்றிருக்கிறோம்.

இந்தப் புதர்த் தவளைகளுள் பெரும் பகுதிக்கு 2010ஆம் ஆண்டில் 'ராவோர்கெஸ்டீஸ்' என்ற பேரினப் பெயர் இடப்பட்டது. அப்பெயரின் முற்பாதி, கோயம்புத்தூரில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய சி. ஆர். நாராயண ராவ் அவர்களின் நினைவாக வைத்தது. தவளை ஆராய்ச்சியில் இந்தியருள் முன்னோடி அவர். அவர் பெயர் தாங்கிய இத்தவளைகளிடம் ஒரு விந்தை உண்டு. தவளை என்றால் முட்டை, தலைப்பிரட்டை, பிறகு வாலிழந்து தவளை என்றுதானே பாடநூலில் படித்திருப்பீர்கள்? இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே வெளியுலகில் இல்லை. ஈரச் சருகினடியிலோ இலையின்மேலோ முட்டையிடுகின்றன. முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் நடந்து, அரிசிமணி அளவுள்ள முழுத் தவளையாகக் குஞ்சு வெளிப்படுகிறது. குளமும் வேண்டா, ஓடையும் வேண்டா. ஆனால் அந்தச் சருகின் ஈரம் மட்டும் ஒரு நாளும் குறையக்கூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப்பற்றி ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது.

படம் எடுப்பது எவ்வாறு என்று கேட்பீர்கள். இவ்வளவு சிறிய பிராணியை அருகில் நின்று எடுக்கும்போது, மூக்கு தெளிவாக விழுந்தால் கண் மங்கிவிடும். அண்மைப்படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு நூல் அளவுதான். ஆகவே கண்ணைத் தெளிவாக்கிக்கொண்டு, மற்றதைத் தவளையின் பக்கவாட்டு நிலைக்கு விட்டுவிட வேண்டும். பளிச்சென்ற செயற்கை ஒளி ஈரத்தோலில் பட்டால் கண்ணாடித்துண்டுபோல் வெள்ளைத் திட்டாகிவிடும். ஒளியின்முன் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் தணியும். அழகுக்கு ஒரு படம் போதும். விஞ்ஞானத்துக்கு மேலும் நான்கு வேண்டும். விரல்நுனித் தட்டுகள், விரலிடைச் சவ்வு, கண்ணுக்குப் பின்னுள்ள செவிப்பறை, விலாவின் நிறம் ஆகிய இவற்றைக்கொண்டே இனத்தைத் தீர்மானிக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாண வனத்துறையின் தலைவராயிருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேயர், இம்மலைகளில் எண்ணற்ற பாம்புகளையும் தவளைகளையும் சேகரித்துச் சாராயச் சீசாக்களில் அடைத்து அனுப்பினார். அவர் செய்த தொண்டு பெரிது. ஆனால் சாராயத்தில் நிறம் நில்லாது. பச்சையும் செம்மையும் ஒன்றுபோல் பழுப்பாகிவிடும். உயிருள்ள தவளையின் நிறமும் குரலும் நமக்கு நிலைத்தது காமிராவும் ஒலிப்பதிவுக் கருவியும் வந்த பிறகுதான். புதிய இனம் என்று நிறுவுவதற்கு இன்றும் உடல் வேண்டியிருக்கிறது. அது தகுதியும் அனுமதியும் உள்ள ஆராய்ச்சியாளரின் வேலை, நம்முடையதன்று.

மூன்றாம் இரவு, தேங்கிய நீர்மேல் சாய்ந்திருந்த ஒரு கிளையில் வெள்ளை நுரைக் கட்டி ஒன்று தொங்குவதைப் பெரியவர் காட்டினார். பறக்கும் தவளையின் கூடு அது. பெண் தவளை சுரக்கும் ஒருவகை நீரைப் பின்னங்கால்களால் தயிர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. புறம் காய்ந்து, உள் ஈரமாயிருக்கும். முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நுரையைக் கரைத்துக்கொண்டு நேரே கீழுள்ள நீரில் விழும். கிளையைச் சற்று நகர்த்தினால் படம் நன்றாக வரும் என்று மாணவர் ஒருவர் கை நீட்டினார். நகர்த்தினால் நீருக்குப் பதில் தரையிலல்லவா விழும்! நான் சொல்வதற்குள் அவரே உணர்ந்து கையை இழுத்துக்கொண்டார். மலபார்ப் பறக்கும் தவளையைச் சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் 1870இல் விவரித்தார். அதன் நெருங்கிய உறவான மற்றோர் இனம் இதே வால்பாறை அருகிலுள்ள ஆண்டிப்பாறைச் சோலையிலிருந்து 2000ஆம் ஆண்டில்தான் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. நூற்று முப்பது ஆண்டு இடைவெளி! தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே எஞ்சி நிற்கும் ஒரு சிறு சோலை அது.

பாம்புகளைப்பற்றியும் சொல்லவேண்டும். மலபார்க் குழிவிரியனை நாங்கள் கண்டது தேடியன்று, தற்செயலாக. ஒரு புதர்த் தவளையைப் படம் எடுத்துவிட்டு எழுந்தபோது, என் முழங்கையிலிருந்து இரண்டடி தூரத்தில், பாசி படிந்த கொடியின்மேல் ஒரு முடிச்சுப்போல் சுருண்டிருந்தது. பச்சையும் பழுப்பும் கலந்த உடல். இந்த ஒரே இனத்தில் மஞ்சள், பச்சை, செம்பழுப்பு என்று பல நிறங்கள் உண்டு. ஆகவே நிறத்தைக் கொண்டு பாம்பை அறிவேன் என்பவர் ஏமாறுவார். கண்ணுக்கும் நாசிக்கும் இடையே ஒரு குழி இருக்கிறது. அது வெப்பத்தை உணரும் உறுப்பு. இருளில் எலியின் உடற்சூடே அதற்கு எலியின் உருவம். இரைக்காக அது ஒரே கொடியில் பல நாள் அசையாமல் காத்திருக்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் சென்று பார்த்தோம். அதே முடிச்சு, அதே கொடி. அருகில் சென்று படமெடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் நாட்டு மருத்துவமனைகளில் கிடைக்கும் நச்சுமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக்கொண்டு தயாரிப்பது. குழிவிரியன் கடித்தால் அம்மருந்து கைகொடுக்காது. அந்தப் பாம்பின் பொறுமையை நம்பி அரையடி முன்னே போவதைவிட நீண்ட லென்ஸ் வாங்குவது மலிவு.

பகலில் பறக்கும் ஓணான்களைக் கண்டோம். விலா எலும்புகள் நீண்டு, அவற்றின்மேல் தோல் படர்ந்து, விரிந்தால் விசிறி; மடங்கினால் மரப்பட்டை. அவை இறங்குவதைப் படம் எடுக்க நான் முயன்ற எண்பத்து மூன்று முறைகளில் எண்பத்து மூன்றும் வெறும் ஆகாயம். ஆகவே அவற்றைப்பற்றி இவ்வளவே.

பகற்பொழுதின் பெருந்தேடல் தரையில்தான். விழுந்து மட்கிய மரக்கட்டையின் அடியிலும் கல்லின் அடியிலும் ஓர் உலகமே இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் கேடயவால் பாம்புகள் அங்கே மண்ணைத் துளைத்து மண்புழு தின்று வாழ்கின்றன. வாலின் நுனி வெட்டிவிட்டாற்போல் தட்டையாகச் சொரசொரப்பாயிருக்கும். பலர் அதையே தலை என்று எண்ணி அஞ்சுவர். பார்த்தவர் மண்புழு என்றே நினைத்துவிடும், காலில்லாத நீர்நில வாழ்வனவும் அங்கே உண்டு.

இவ்விடத்தில் ஓர் அம்மையாரின் பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. 1911இல் கொச்சிக் காடுகளில் ஒரு சிற்றாமை அகப்பட்டது. சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைவர் ஹெண்டர்சன் அதை 1912இல் விவரித்தார். அதன்பின் எழுபது ஆண்டுகள் விஞ்ஞானிகள் எவரும் அதைக் காணவில்லை. சென்னைப் பாம்புப் பண்ணையில் பணி தொடங்கிய ஜே. விஜயா என்னும் இளம்பெண், 1982இல் சாலக்குடிக் காடுகளுக்குச் சென்று, ஒரு குகையில் தங்கி, காடர் மக்களின் துணையோடு அந்தப் பிரம்பு ஆமையை மீண்டும் கண்டுபிடித்தார். ஊர்வன ஆராய்ச்சியில் இறங்கிய முதல் இந்தியப் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். 1987இல் இளவயதிலேயே அவர் மறைந்தார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு 'விஜயகேலிஸ்' என்று அவர் பெயரையே இட்டார்கள். விஞ்ஞானம் எழுபது ஆண்டுகள் தொலைத்திருந்த ஆமை காடர்களுக்குத் தொலையவே இல்லை என்பதை மட்டும் நான் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

இனி, சொல்லவேண்டியிருக்கிறது என்று முன்பு குறிப்பிட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் மாணவனாயிருந்த காலத்தில், இதே மலையில், கையில் கடன் வாங்கிய காமிராவுடன், ஒரு மரக்கட்டையைப் புரட்டினேன். கட்டையின் அடியில், ஈரச் சருகின்மேல், பாசிமணி கோத்தாற்போல் பதினேழு முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தவளைக் குஞ்சு. கண் கரும்புள்ளியாகத் தெரிந்தது. ஒன்று உள்ளேயே கால் உதைத்துத் திரும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று மேலிருந்த சருகுகளைக் களைந்தேன். கட்டை நிழல் விழுத்துகிறது என்று அதை அப்பால் உருட்டினேன். சுருள் தீரும் வரை எடுத்தேன். மழை வலுத்ததும் காமிரா நனையுமே என்ற கவலையில் ஓடிவந்துவிட்டேன். மறுநாள் வெயில் அடித்தது. நண்பகலுக்குமேல் நினைவு வந்து திரும்பிப் போனேன். எறும்புகள் வேலையை முடித்துக்கொண்டிருந்தன. சருகில் ஒட்டிய தோல்கள்தாம் மிச்சம்.

படம் நன்றாக வந்திருந்தது. ஒரு பொருட்காட்சியில் பரிசும் பெற்றது. எத்தனையோ பேர் அதன் கீழே நின்று, "என்ன அற்புதம்!" என்றார்கள். மறுநாள் நடந்ததை நான் அன்று ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்தப் பயணத்துக்குப் புறப்படுமுன் என் மாணவர்கள் இருவருக்கும் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, இதையும் சொன்னேன்.

இது என் ஒருவன் கதையன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்று இருக்கிறது. பெட்டோம் 1878இல் ஆனைமலையிலிருந்து விவரித்த கருந்தவளை ஒன்று உண்டு. விரல்நுனி அளவு, கரிய உடலில் நீலவெண் புள்ளிகள் விண்மீன்களைப்போல் சிதறியிருக்கும். அதனாலேயே அதை 'விண்மீன்மண்டலத் தவளை' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். மட்கிய கட்டைகளின் அடியில் வாழ்வது. கேரளக் காடு ஒன்றில் இவற்றில் ஏழைக் கண்ட ஆராய்ச்சியாளர் பின்னொரு முறை சென்று பார்த்தபோது, கட்டைகள் புரட்டிப் போடப்பட்டும் செடிகள் மிதிபட்டும் கிடந்தன. ஒரு தவளையும் இல்லை. இடைக்காலத்தில் அங்கு வந்துபோனவர்கள் படம் எடுப்போர். 2025ஆம் ஆண்டின் இறுதியில் இச்செய்தி வெளியாயிற்று. உலகிலுள்ள நீர்நில வாழ்வன இனங்களுள் ஐந்தில் இரண்டு பங்கு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்கின்றன என்று 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. அதற்குக் காரணம் காடழிப்பும் நோயும் தட்பவெப்ப மாறுதலும், காமிரா அன்று. ஆனால் ஓர் இனம் நாலைந்து கட்டைகளின் அடியில் மட்டும் எஞ்சியிருக்கும்போது, ஒரு காமிராவே போதும்.

இம்முறை கட்டை புரட்டும் வேலையைப் பெரியவரிடமே விட்டோம். அவர் ஒரு பக்கத்தை மட்டும் தம்மை நோக்கித் தூக்குவார். உள்ளிருப்பது ஓடுவதானால் எதிர்ப்பக்கம் ஓடும். பாம்பானால் கட்டையே கேடயம். இரண்டு நிமிடத்துக்குமேல் தூக்கி வைத்திருக்கமாட்டார். "போதும் சார்" என்று இறக்கிவிடுவார். தூக்கியபோது பிரிந்த பாசியை விரலால் அழுத்தி ஒட்டவைப்பார். சிதறிய சருகை அள்ளி விளிம்பில் இட்டு மூடுவார். நாங்கள் போனபின் அந்த இடத்தை நானே அடையாளம் காண முடியவில்லை.

கடைசி இரவு மழை சற்று ஓய்ந்திருந்தது. ஓடைக்கரையில் நின்றபோது, காலடி மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அடைகாக்கும் கோழி கொக்கரிப்பதுபோன்ற, அடங்கிய குரல். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊதாத் தவளை என்று நான் மெல்லச் சொன்னேன். ஆண்டு முழுவதும் மண்ணுக்குள்ளேயே கறையான் தின்று வாழ்ந்து, முதல் மழையின்போது சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளிவரும் தவளை அது. 2003இல்தான் விஞ்ஞான உலகம் அதற்குப் பெயரிட்டது. அதன் நெருங்கிய உறவினங்கள் இந்துமாக்கடலுக்கு அப்பால், செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலமாயிருந்த காலத்துச் சொந்தம். அதன் இன்னோர் இனத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து 2017இல் விவரித்தபோது, கோவையில் பணியாற்றி, 2014இல் அகத்தியமலைக் களப்பணியில் உயிர்நீத்த விஞ்ஞானி பூபதியின் பெயரை அதற்கு இட்டார்கள்.

"சார், அரையடிதான் இருக்கும்" என்றார் மாணவர் ஒருவர். அவர் கையில் ஒரு குச்சி இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். மாணவரும் என்னைப் பார்த்தார். பிறகு அவரே குச்சியைக் கீழே போட்டுவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மண்ணின்மேல் சாய்த்துப் பிடித்தார். விளக்குகளை அணைத்தோம். பதினொரு முறை கூவியது. பின்னர் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டதால், பதிவின் பிற்பகுதியில் மழையின் ஒலிதான் இருக்கிறது.